சமரச மேசையில் இல்லாதவள்: 12(3) ஒப்பந்தத்தைப் பெண்ணாக வாசித்தல்

ஊர்க்கூட்டத்தில் ‘சமரசம்’ என்ற சொல் எழுந்தால், ஒரு பெண்ணிடம் எதையோ விட்டுக்கொடுக்கச் சொல்லப் போகிறார்கள் என்று அர்த்தம். அடித்துத் துரத்தியவன் வீட்டுக்கே திரும்பிப் போகச் சொல்வது சமரசம். போட்ட நகையில் பாதியை மறந்துவிடச் சொல்வது சமரசம். உடன்குடிப் பக்கம் இதைக் கேட்காமல் வளர்ந்த பெண்கள் குறைவு. இதே சொல் தமிழ்நாடு அரசின் ஒரு பதவிப் பெயரிலும் அடைப்புக்குறிக்குள் உட்கார்ந்திருக்கிறது: தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்). முதலாளிக்கும் தொழிலாளிக்கும் தகராறு வந்தால் இருவரையும் அழைத்து, எதிரெதிரே உட்காரவைத்துப் பேசி முடிப்பது அவர் வேலை. பேச்சு கூடிவந்தால் 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 12(3) பிரிவின்கீழ் ஒப்பந்தம். கூடிவராவிட்டால் அரசுக்கு முறிவு அறிக்கை.

பஞ்சாலைத் தொழிற்சங்க வரலாற்றில் இந்த 12(3) ஒப்பந்தங்கள் வெற்றிகளாகவே பதிவாகியிருக்கின்றன. அதில் பொய் இல்லை. அகவிலைப்படி, போனஸ், பணிப்பளு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி வாங்கியவை அவை. ஆனால் இன்று நூற்பாலையில் ஸ்பின்னிங் சைடு பார்ப்பதும், கோன் வைண்டிங்கில் எட்டு மணி நேரம் நின்றபடி அறுந்த நூலை முடிச்சுப் போடுவதும் பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களில் எத்தனை பேர் சமரச அலுவலரின் மேசையைப் பார்த்திருப்பார்கள்? அவர்களுக்குத் தகராறே இல்லையா, அல்லது அவர்களுடைய தகராறு அந்த மேசைக்குத் தெரிகிற உருவத்தில் இல்லையா? இரண்டாவதுதான் என்பது என் வாசிப்பு.

தூத்துக்குடியிலிருந்தே தொடங்கலாம். 1908 பிப்ரவரி 27 அன்று ஹார்வி நிறுவனத்தின் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் பின்னால் நின்றார்கள். கூலி உயர்வு, வார விடுமுறை ஆகியவை முக்கியக் கோரிக்கைகள். ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. அந்தப் பேச்சுவார்த்தையில் அரசு நடுவராக இல்லை. அரசு வந்தது பிறகுதான், கைவிலங்கோடு: மார்ச் 12 அன்று இருவரும் கைதானார்கள். நாம் பள்ளியில் படித்தது இந்தக் கதையைத்தான். அக்காலப் பஞ்சாலைகளில் பெண்களும் சிறுவர்களும் வேலை செய்தார்கள். 1891-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே பெண்களின் வேலை நேரம் நாளுக்கு 11 மணிக்கு மேல் போகக் கூடாது என்று எழுதவேண்டியிருந்தது. ஆனால் நம் கதையில் கோரல் மில் வாசலில் நிற்பவர்கள் எல்லோரும் ஆண்கள்.

அரசு நடுவராக உட்கார்ந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. 1928-இல் பம்பாய்ப் பஞ்சாலைகள் மாதக்கணக்கில் நின்றன. 1929-இல் தொழில் தகராறுச் சட்டம் வந்தது. விசாரணை மன்றம், சமரச வாரியம் என்ற ஏற்பாடுகளோடு, ஒரு தொழிலில் நிற்பவர்களுக்காக இன்னொரு தொழிலில் ஆதரவு வேலைநிறுத்தம் செய்வதற்கான தடையும் அதே சட்டத்தில் சேர்ந்தே வந்தது. அநியாயம் நடக்கிறதே என்ற கவலையைவிட, ஆலை நின்றுவிட்டதே என்ற கவலையில் பிறந்த ஏற்பாடு இது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12(1) பிரிவிலும் அந்தப் பிறவிக்குணம் தெரிகிறது. பொதுப் பயன்பாட்டுத் தொழிலில் வேலைநிறுத்த அறிவிப்பு கொடுக்கப்பட்டால் சமரச அலுவலர் பேச்சுவார்த்தை நடத்தியே தீரவேண்டும். மற்ற தகராறுகளில் நடத்தலாம். ‘வேண்டும்’, ‘லாம்’ என்ற இரண்டு விகுதிகளுக்கு நடுவில்தான் நம் பெண்கள் விழுந்துவிடுகிறார்கள். ஆலையை நிறுத்தும் வலு இருப்பவனுக்கு அரசு வீடு தேடி வரும். அந்த வலு இல்லாதவள் அரசைத் தேடிப் போகவேண்டும்.

வலு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்குக் கோவையில் ஒரு கொடிய சாட்சி உண்டு. 1946 ஜனவரி 8 அன்று ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரும் தூக்கிலிடப்பட்டார்கள். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூரப்படுகிறார்கள். பெண் தொழிலாளி ஒருவர்மீது அடியாட்கள் நடத்திய பாலியல் வன்முறைதான் அந்தக் கதையின் தொடக்கம். ஒரு பெண்ணின் உடல்மீது நடந்த தாக்குதல் ‘தொழில் தகராறு’ என்று எந்த மேசைக்கும் போகவில்லை. கொலை வழக்காக மாறிய பிறகே அரசின் கண்ணில் பட்டது. தியாகிகளின் பெயர்கள் நமக்கு மனப்பாடம். அந்தப் பெண் அதற்குப் பிறகு எங்கே போனார், மில்லில் வேலை தொடர்ந்தாரா என்று நாம் கேட்டுப் பழகவில்லை.

இந்த இடத்தில் உடன்குடிக்கு வருகிறேன். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லது. பனை ஏறுபவர் ஆண். அவரைத் தொழிலாளி என்கிறோம். அவர் இறக்கிய பதநீரை விடிலியில் புகைக்கு நடுவே மணிக்கணக்கில் காய்ச்சி, பதம் பார்த்து, சிரட்டையில் ஊற்றி எடுப்பவர் அவர் மனைவி. அவர் செய்வதற்கு வழக்கத்தில் உள்ள பெயர் ‘கூடமாட உதவி’. பதம் ஒரு நொடி தப்பினால் அன்றைய பாடு முழுக்கப் பாழ் என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தாலும் உதவிதான். தேரிக்காட்டு ஊர்களில் பனைத்தொழில் சுருங்கியதும், அந்த வீடுகளின் மகள்கள் திண்டுக்கல், கோவை, திருப்பூர் ஆலைகளுக்குப் போனார்கள். தரகர்கள் தேடி வந்த தென்மாவட்டங்களில் தூத்துக்குடியும் திருநெல்வேலியும் உண்டு. அங்கே மகளுக்குக் கிடைத்த பெயர் ‘பயிற்சியாளர்’. தாய் செய்தது உதவி, மகள் செய்வது பயிற்சி. ஆக, இரண்டு தலைமுறை உழைத்தும் அந்த வீட்டில் ‘தொழிலாளி’ என்ற பெயருக்கு உரிய பெண் யாரும் இல்லை.

சுமங்கலித் திட்டம், மாங்கல்யத் திட்டம், திருமகள் திருமணத் திட்டம் என்ற பெயர்களைக் கொஞ்சம் நின்று வாசிக்க வேண்டும். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்பது ஏற்பாடு. கூலியின் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துக் கடைசியில் கொடுப்பதற்கு வேறு எந்தத் தொழிலிலும் ‘சீர்’ என்று பெயர் வைக்க முடியாது. ஆண் தொழிலாளியிடம் “உன் போனஸை மூன்று வருடம் கழித்து உன் கல்யாணத்துக்குத் தருகிறோம்” என்று சொல்லிப் பார்க்கட்டும். பெயர் வைத்த கணமே கூலி வரதட்சணையாகிவிடுகிறது. கூலி என்றால் அவளுடையது, வரதட்சணை என்றால் குடும்பத்தினுடையது. ஆகவே ஒப்பந்தத்தில் பெற்றோர் கையெழுத்து. இடையில் உடம்பு முடியாமல் ஊருக்கு வந்துவிட்டால் தொகை இல்லை என்று சொல்லப்படும்போது, பேசப் போகிறவரும் அப்பாதான்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் கதையும் இதுவே. ஆலையின் பெயர் இங்கே தேவையில்லை. இரண்டரை வருடம் முடித்துக் காசநோயோடு வந்தாள். அவள் அப்பா மூன்று முறை போய்வந்து, கேட்டதில் நாலில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு, ‘இனி எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்திட்டார். தொழிலாளர் அலுவலகம் என்று ஒன்று இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. எல்லோரும் அதைச் சமரசம் என்றே சொன்னார்கள்.

சட்டப் புத்தகத்தைத் திறந்தால் வேறு கதை இருக்கிறது. 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(எஸ்) பிரிவு ‘தொழிலாளி’ என்ற சொல்லை வரையறுக்கும்போதே, தொழிற்பழகுநரையும் உள்ளடக்கி என்று எழுதியது. 2(கே) பிரிவின்படி, ‘எந்த ஒரு நபரின்’ வேலை நிலைமையைப் பற்றியும் தகராறு எழுப்பலாம். 36-ஆவது பிரிவு, சங்கத்தில் சேராத தொழிலாளிக்காக யார் பேசலாம் என்று பட்டியலிட்டது: அந்தத் தொழிலோடு தொடர்புள்ள சங்கத்தின் நிர்வாகி பேசலாம், அதே தொழிலில் உள்ள இன்னொரு தொழிலாளி பேசலாம். அப்பாவும் அண்ணனும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆஜராகாதவரை வரவழைக்கவும் ஆவணத்தைக் கேட்டு வாங்கவும் 11(4) பிரிவு சமரச அலுவலருக்கு அதிகாரம் கொடுத்தது. ஒரு ஆலையின் விடுதிப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் மேசைக்கு எடுத்துவரச் சொல்ல இது போதும். இவ்வளவு கதவுகள் திறந்திருந்தும் உள்ளே யாரும் வராததற்குச் சட்டத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

ஆலைகள் கையில் எடுத்தது 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின் தர்க்கத்தை. அதன் 18-ஆவது பிரிவு பழகுநரைத் தொழிலாளி இல்லை என்கிறது. அந்தச் சட்டப்படி பதிவு செய்யாதவர்களைக்கூட அதே வாயால் ‘டிரெய்னி’ என்று சொல்லிவிட்டால், வாயிலில் வந்து கேட்பவர் இல்லை. சங்கங்களும் அதைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டன என்பதுதான் எனக்கு அதிக வருத்தம். நிரந்தரத் தொழிலாளி மட்டுமே சந்தா கட்டுபவர். சந்தா கட்டுபவருக்காகவே பேச்சுவார்த்தை. 2008-இல் தமிழ்நாடு அரசு நூற்பாலைப் பயிற்சியாளர்களுக்கு நாளொன்றுக்கு 110 ரூபாய் குறைந்தபட்சக் கூலி என்று அறிவித்தபோது, அதுவும் ஒரு சமரச மேசையில் பிறந்த முடிவில்லை. குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் வழியாக வந்தது. ஆலை அதிபர்களின் சங்கங்கள் அதையும் எதிர்த்து நீதிமன்றம் போயின.

இன்னொரு முரணையும் சொல்லிவிடுகிறேன். பெண்களை இரவு வேலைக்கு வைக்கக் கூடாது என்ற தொழிற்சாலைச் சட்டத் தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில், சமத்துவத்துக்கு எதிரானது என்று ரத்து செய்தது. பாதுகாப்பு நிபந்தனைகளையும் விதித்தது. பெண்ணியவாதியாக அந்தத் தீர்ப்பின் கொள்கையோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் மூன்று ஷிப்டுக்கும் பெண் கிடைப்பாள், அவள் ஆலை வளாக விடுதியிலேயே இருப்பாள் என்ற கணக்கு முதலாளிக்கு எவ்வளவு இனித்திருக்கும்! சமத்துவத்தின் பலனை அவர்கள் அறுவடை செய்தார்கள். சமத்துவமாகப் பேரம் பேசும் உரிமை மட்டும் விடுதிச் சுவருக்கு வெளியே நின்றது.

18(3) பிரிவும் வாசிக்கத்தக்கது. சமரசத்தின்போது ஏற்பட்ட ஒப்பந்தம், கையெழுத்திட்ட சங்கத்தின் உறுப்பினர்களோடு நிற்காமல், அந்த ஆலையின் எல்லாத் தொழிலாளர்களையும், நாளை வேலைக்குச் சேரப்போகிறவர்களையும்கூடக் கட்டும். ஒற்றுமைக்கு இது நல்லது. ஆனால் உடன்குடியிலிருந்து அடுத்த ஆண்டு போய்ச் சேரும் பெண்ணுக்கு இதன் பொருள் என்ன? அவள் முகம் பார்த்திராத ஒருவர் பேசி ஒப்புக்கொண்ட பணிப்பளு அவளையும் கட்டும். அதே தாளில் உள்ள போனஸ் மட்டும், நீ பயிற்சியாளர் என்று சொல்லித் தவிர்க்கப்படும். பொதுவாக ஒரு 12(3) ஒப்பந்தத்தின் அம்சங்கள் எவை? அடிப்படைக் கூலி, அகவிலைப்படி, இத்தனை கதிருக்கு இத்தனை ஆள். விடுதிக் கதவு எத்தனை மணிக்குப் பூட்டப்படும், கைப்பேசி யாரிடம் இருக்கும், சூப்பர்வைசர் எந்த வார்த்தையில் கூப்பிடுவார், கழிப்பறைக்குப் போக யாரிடம் கேட்க வேண்டும் என்பவற்றைப் பேசும் அம்சம் அரிது. 2019-இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடை ஆலைகளில் மாதவிடாய் வலிக்குப் பெயரில்லாத மாத்திரைகள் கொடுக்கப்படுவதை வெளியிட்டார்கள். விடுப்புக்குப் பதில் மாத்திரை என்றால், அது சட்டம் சொல்லும் ‘வேலை நிலைமை’தானே? அதை ஒரு தொழில் தாவாவாக எழுப்ப நம் சங்கங்களுக்கு ஏன் தோன்றவில்லை?

தூரம் இன்னொரு சுவர். தாவா பெரும்பாலும் ஆலை இருக்கும் எல்லையில்தான் நடக்கும். வேலை போய் ஊருக்குத் திரும்பியவள் ஒவ்வொரு வாய்தாவுக்கும் உடன்குடியிலிருந்து திருநெல்வேலி, மதுரை கடந்து பஸ் மாற வேண்டும். கூடவே ஒரு ஆள், இரண்டு பேருக்கும் பஸ் காசு, ஒரு நாள் கூலி. சமரசம் 14 நாளில் முடிய வேண்டும் என்றது சட்டம். வாய்தாவின் கணக்கு வேறு. பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் ஆண் தொழிலாளிக்காக வரையப்பட்ட நடைமுறை இது.

சட்டத்துக்குள்ளேயே இதற்கொரு மாற்றுப் பார்வையும் இருக்கிறது. பணியிடத்தில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தல் குறித்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆவது பிரிவு சமரசத்தை அனுமதிக்கிறது, இரண்டு கட்டுப்பாடுகளோடு. பாதிக்கப்பட்ட பெண் கேட்டால் மட்டும். பணம் அந்தச் சமரசத்தின் அடிப்படையாக இருக்கவே கூடாது. சமமில்லாத இருவரை ஒரே மேசையில் உட்காரவைத்தால் அந்த மேசை சாயும் என்பதை ஒப்புக்கொண்ட சட்டம் இது. தொழிலாளர் துறையின் சமரசத்துக்கு இந்தச் சந்தேகம் வந்ததே இல்லை.

திண்டுக்கல்லில் நடந்ததை இங்கே விரிவாகப் பார்க்க வேண்டும். 2021 ஜனவரியில் நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். கொன்றதாகக் கைதானவர் அவருடைய மேற்பார்வையாளர். தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் இதைத் தனி ஒரு கொலையாக விடவில்லை. பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம் அது. திவ்யராகினி அதன் தலைவர். 2022 ஏப்ரலில் அந்தச் சங்கத்துக்கும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கும் இடையே ஒப்பந்தம் கையெழுத்தானது. அதோடு சேர்ந்து ஹெச் அண்ட் எம் நிறுவனமும், பிறகு கேப், பிவிஹெச் நிறுவனங்களும் தங்களைக் கட்டிக்கொண்டன. உற்பத்தித் தளத்திலேயே பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர்கள் கண்காணிப்பாளர்களாக இருப்பார்கள். புகார் கொடுத்தவரைப் பழிவாங்க முடியாது. சாதி, பாலினம் இரண்டும் வேலைப் பிரச்சினையாகவே பேசப்படும். இவையெல்லாம் எந்த 12(3) தாளிலும் நான் காணாத வாக்கியங்கள்.

ஆனாலும் இதைக் கொண்டாடிவிட்டு நகர முடியவில்லை. கையெழுத்திட்டவர்களில் தமிழ்நாடு அரசு இல்லை. நிர்வாகத்தை மேசைக்குக் கொண்டுவந்தது, வெளிநாட்டுக் கடை ஆர்டரை நிறுத்திவிடுமோ என்ற பயம். உள்நாட்டுச் சந்தைக்கு நூல் விற்கும் ஒரு சிறு நூற்பாலையின் விடுதியில் இருக்கும் பெண்ணுக்கு எந்தக் கடை பயம் காட்டும்? அங்கே அரசு மட்டும்தான் இருக்கிறது. திண்டுக்கல் ஒப்பந்தத்தின் சரத்துகளைத் தன் சமரச அலுவலர்களுக்கு ஒரு பாடமாக வைத்திருக்க வேண்டிய துறை அதைத் தனியார் விவகாரம்போல வேடிக்கை பார்த்தது.

பெண்கள் தாங்களே அரசை மேசைக்கு இழுத்த கதையும் நம்மிடம் உண்டு, பஞ்சாலையில் இல்லாவிட்டாலும். 2015 செப்டம்பரில் மூணாறின் தேயிலைத் தோட்டப் பெண்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். 20 சதவீத போனஸ் கேட்டார்கள். தங்கள் பெயரால் இவ்வளவு காலம் கையெழுத்திட்ட சங்கத் தலைவர்களை அருகில் வரவிடவில்லை. ஒன்பதாவது நாள் கேரள முதலமைச்சர் தலைமையில் பேச்சு நடந்து, 8.33 சதவீத போனஸும் 11.67 சதவீதக் கருணைத்தொகையுமாகக் கணக்கை 20-க்குக் கொண்டுவந்தார்கள். பெம்பிளை ஒருமை என்று பெயர் பெற்ற வெற்றி அது. அடுத்து வந்த கூலிப் பேச்சில், 232 ரூபாயை 500 ஆக்க வேண்டும் என்ற கோரிக்கை அக்டோபரில் 301-இல் நின்றது. அந்தத் தாளில் கையெழுத்திட்டவை பழைய சங்கங்கள். சாலையில் கிடைத்த நாற்காலி அலுவலக மேசைக்கு வந்ததும் கைமாறிவிட்டது.

2025 நவம்பர் 21 முதல் இந்தச் சட்டங்களின் இடத்தில் தொழிலுறவுத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் நல்லதும் உண்டு. சமரசம் முறிந்தால், அரசு பரிந்துரைக்கக் காத்திராமல் தொழிலாளி நேராகத் தீர்ப்பாயம் போகலாம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தின் குறைதீர்ப்புக் குழுவில் பெண்களின் இடம் அவர்களின் எண்ணிக்கை விகிதத்துக்குக் குறையக் கூடாது. ஆனால் கூலியையும் பணிப்பளுவையும் பேசப்போகும் பேச்சுவார்த்தைச் சங்கத்துக்கு, பேச்சுவார்த்தைக் குழுவுக்கு அப்படி ஒரு விகிதம் விதிக்கப்படவில்லை. குறை சொல்லும் அறையில் பெண் இருக்கலாம். விலை பேசும் அறைக்கு அவள் தேவையில்லை என்று எழுதியவர்கள் நினைத்தார்களோ என்னவோ. வேலைநிறுத்தத்துக்கு இப்போது எல்லாத் தொழிலிலும் 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம். மூணாறுப் பெண்கள் செய்ததை இன்று செய்தால் அது சட்டவிரோதம்.

எல்லாவற்றையும்விட, வரையறைப் பகுதியில் சத்தமில்லாமல் நடந்த மாற்றம்தான் என்னை உறுத்துகிறது. பழைய சட்டம் தொழிற்பழகுநரை ‘உள்ளடக்கி’ என்றது. புதிய தொகுப்பு, 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தொழிற்பழகுநரை ‘நீங்கலாக’ என்கிறது. இதுவரை ஆலை வாய்வார்த்தையாகச் சொல்லிவந்ததை இப்போது சட்டமே எழுத்தில் சொல்கிறது. பதிவு செய்யப்படாத ‘டிரெய்னி’ இன்னும் தொழிலாளிதான் என்று வாதாட இடம் இருக்கிறது. அந்த வாதத்தை முதல் நாளிலேயே வைக்கத் தெரிந்த ஒருவர் அவள் பக்கத்தில் இருந்தால்.

பதிவுச் சான்றைக் காட்டாத எந்த ஆலையின் பயிற்சியாளரையும் தொழிலாளியாகவே கருதிச் சமரசப் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று தொழிலாளர் துறை ஒரு சுற்றறிக்கை விடலாம். ஊர் திரும்பிய பெண்ணின் மனுவைத் தூத்துக்குடி அலுவலகத்திலேயே வாங்கி, ஆலை நிர்வாகத்தைக் காணொலியில் வரவழைக்கலாம். கொரோனா காலத்தில் நீதிமன்றங்களே அப்படி நடந்தன. மனுவில் அவள் பெயர், ஒப்பந்தத்தில் அவள் கையெழுத்து, தொகை அவள் வங்கிக் கணக்கில். அப்பாவிடம் நீட்டப்படும் ‘பாத்தியதை இல்லை’ என்ற தாள் எந்த அலுவலகத்திலும் செல்லாது என்று ஒரு வரியும் அந்தச் சுற்றறிக்கையில் இருக்கட்டும்.